நாகர்கோவில் ஜங்ஷனில் எஞ்சின் மாற்ற எத்தனை சுவிட்ச் வேண்டும்?

மணவாளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடி அறையில், எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகையில் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. பார்க்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்து, "நாங்கள் வாங்கினால் அனலாக் வாங்கவா, டிஜிட்டல் வாங்கவா?" என்பார்கள். போன வாரம் திங்கள்நகர் சந்தையில் தேங்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தவனை நிறுத்தி ஒருவர் இதையே கேட்டார். வெயிலில் நின்று சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் தக்கலையில் 38 ஆண்டுகள் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். கிணற்று மோட்டார், மிக்சி, சீலிங் ஃபேன் என்று கை படாத மோட்டார் இல்லை. இந்தக் குட்டி எஞ்சினைத் திறந்து உள்ளே பார்த்தபோது, கட்டைவிரல் அளவு மோட்டார் ஒன்று கண்ணில் பட்டதும் எனக்குப் பழைய ஆளைக் கண்ட மாதிரி இருந்தது.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது பேத்திக்காகக் கொண்டுவந்தது முதல் செட். முட்டை வடிவத் தடம், ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, திருகுகிற ஒரு குமிழ். அது அனலாக். அளவு எச்ஓ, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம்முடைய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஆக, நம் ஊர் வண்டியை இந்தத் தடத்தில் வைத்தால் தடம் கொஞ்சம் ஒடுக்கமாகத்தான் தெரியும். என் கண்ணை அது இன்றுவரை உறுத்துகிறது. பேத்திக்கு உறுத்தவில்லை.

அனலாக்கில் நடப்பது எளிது. ஒரு தண்டவாளத்தில் பிளஸ், மற்றதில் மைனஸ், அதிகபட்சம் 12 வோல்ட் டிசி. குமிழைத் திருகினால் வோல்ட் ஏறும், வண்டி வேகம் எடுக்கும். பிளஸ் மைனஸை மாற்றினால் பின்னோக்கிப் போகும். சைக்கிள் டைனமோவில் விளக்கு எரிவதைப் பார்த்துப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இதுவும் ஒரே நாளில் புரிந்துவிடும். ஏழாம் வகுப்புப் படிக்கிற பேத்தி, மின்னோட்டம் பற்றிப் பாடத்தில் படித்ததை இந்தப் பலகையில்தான் கண்ணால் பார்த்தாள். ஓராண்டு முழுக்க அந்த ஒரு எஞ்சினோடு நாங்கள் இருவரும் நிறைவாக இருந்தோம்.

சிக்கல் இரண்டாவது எஞ்சினோடு வந்தது. மின்சாரம் தண்டவாளத்துக்குப் போகிறதே தவிர எஞ்சினுக்கு என்று தனியாகப் போவதில்லை. ஒரே தடத்தில் இரண்டு எஞ்சினை வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஓடும். ஒன்று நிற்க வேண்டுமென்றால் அது நிற்கிற இடத்தில் தண்டவாளத்தை வெட்டி, நடுவே பிளாஸ்டிக் இணைப்பு வைத்து, அந்தத் துண்டுக்கு மட்டும் ஒரு சுவிட்ச் போட வேண்டும்.

பேத்திக்கு வேண்டியது நாகர்கோவில் ஜங்ஷன். அவளுடைய அத்தையைப் பார்க்கத் திருநெல்வேலிக்குப் போகும்போதெல்லாம் அவள் அங்கே பார்ப்பது எஞ்சின் மாற்றுவதைத்தான். திருவனந்தபுரம் பக்கமிருந்து ஜங்ஷனுக்குள் வரும் வண்டி திருநெல்வேலிக்குப் போக வேண்டுமானால் வந்த வழியே திரும்பித்தான் ஆரல்வாய்மொழிப் பாதையைப் பிடிக்க வேண்டும். எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். முகப்பு வால் ஆகும், வால் முகப்பு ஆகும். பெட்டிக்குள் இருப்பவர்கள் பின்னோக்கிப் போகிறோம் என்று திகைப்பார்கள். அந்த இருபது நிமிடத்தை அவள் மாடியில் வேண்டும் என்றாள்.

தாளில் வரைந்து எண்ணினேன். இரண்டு பிளாட்பாரப் பாதைக்கும் தலைப்பக்கம், நடு, கடைப்பக்கம் என்று மும்மூன்று துண்டு, ஆக ஆறு. எஞ்சின் ஒதுங்கி நிற்க ஒரு கிளைப்பாதை. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. மொத்தம் ஒன்பது துண்டு, ஒன்பது சுவிட்ச். இரண்டு குமிழில் எது எந்தத் துண்டை ஆள்கிறது என்று மாற்ற வேண்டும் என்பதால், ஒவ்வொன்றும் ஆறு முனை கொண்ட டாகிள் சுவிட்ச். சால்டரிங் வைக்க 54 இடம். எனக்கு அது பெரிய வேலை இல்லை, மூன்று நாளில் முடித்தேன். ஓட்டுவதுதான் வேலையாக இருந்தது. எஞ்சின் ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போகும் முன் சுவிட்சைத் தட்ட வேண்டும். பேத்தியின் கண் வண்டியை விட்டுச் சுவிட்ச் பலகைக்குப் போய்விட்டது. ஒருநாள் நான்காவதைத் தட்டுவதற்குப் பதில் ஐந்தாவதைத் தட்டினாள். கிளைப்பாதையில் நின்ற எஞ்சின் கிளம்பி வந்து மற்றதன் விலாவில் இடித்தது. "பாட்டா, நான் வண்டி ஓட்டவில்லை, சுவிட்ச்தான் ஓட்டுகிறேன்" என்றாள். அவள் சொன்னது சரி. அன்றுதான் டிஜிட்டல் வாங்க முடிவெடுத்தேன்.

டிஜிட்டலில் தண்டவாளம் முழுக்க எப்போதும் ஒரே அளவு மின்சாரம் இருக்கும், எச்ஓ அளவுக்குச் சுமார் 15 வோல்ட். பிளஸ்ஸும் மைனஸும் நொடிக்குப் பல்லாயிரம் முறை இடம் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்திலேயே கட்டளை ஒளிந்திருக்கிறது. நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்து அதில் 58 பங்கு நேரம் ஒரு பக்கம் இருந்தால் அது 1 என்ற குறி; 100 பங்கு இருந்தால் 0 என்ற குறி. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் அதைப் படித்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்து மோட்டாரை ஓட்டும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கம் 1990களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால் ஒரு கம்பெனியின் எஞ்சினை வேறு கம்பெனியின் கட்டுப்பாட்டுப் பெட்டியால் ஓட்ட முடிகிறது.

ஒன்பது சுவிட்சையும் கழற்றினேன். பலகைக்கு அடியில் இரண்டே கனமான வயர், அவற்றிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய வயர். அவ்வளவுதான்.

டிகோடர் மாட்டியதைச் சொல்ல வேண்டும். எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றினால் எட்டுத் துளைச் சாக்கெட் ஒன்றில் அடைப்பு ஒன்று செருகியிருக்கும். அதை நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும், அசைத்து நெம்பக் கூடாது. டிகோடர் ஒரு புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. அதிலிருந்து வரும் வயர்களின் நிறத்தைப் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தேன்: சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் இரண்டு விளக்குக்கும் பொது. ஆரஞ்சு வயர் ஒன்றாம் எண் துளையில் வர வேண்டும். பூதக்கண்ணாடி வைத்து அந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தவள் அவள்தான்.

எண் கொடுப்பதில் ஒரு தவறு செய்தோம். கடையிலிருந்து வரும் எந்த டிகோடருக்கும் எண் 3 என்றுதான் இருக்கும். இரண்டையும் தடத்தில் வைத்து 3-ஐ அழைத்தால் இரண்டும் கிளம்பின. ஒன்றின் எண்ணை 7 ஆக்கினோம். இரண்டுமே 7 ஆகிவிட்டன. எண் எழுதும்போது தடத்தில் ஒரே ஒரு எஞ்சின்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். டிகோடர் இல்லாத எஞ்சினை டிஜிட்டல் தடத்தில் வைக்காதீர்கள். ஒருநாள் டிகோடர் மாட்டாத பழைய எஞ்சின் ஒன்றைப் பேத்தி தவறுதலாக வைத்துவிட்டாள். அது நகரவில்லை; மெல்லிய ரீங்காரம் மட்டும் வந்தது. பக்கத்து அறையில் இருந்த எனக்கு அந்த ஒலி தெரியும். காயில் சூடேறும்போது வரும் முனகல் அது. ஓடி வந்து எடுத்தபோது வார்னிஷ் வாசனை தொடங்கியிருந்தது. இன்னும் சில நிமிடம் போயிருந்தால் மோட்டார் கருகியிருக்கும்.

எங்கள் ஊரில் கடல் இரண்டு தெரு தள்ளி. உப்புக்காற்று தண்டவாளத்தில் ஒரு மங்கலை ஏற்றிவிடும். அனலாக்கில் எஞ்சின் ஒரு குலுக்கலோடு தாண்டிவிடும். டிஜிட்டலில் மின்சாரமும் கட்டளையும் அந்த ஒரே தொடுபுள்ளி வழியாகத்தான் போகின்றன. அழுக்கு இருந்தால் வண்டி நின்றே போகும். வாரம் ஒருமுறை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் துடைக்கிறோம். துணியில் கறுப்புக் கோடு இரண்டு விழும். கடற்கரை மணலைத் தடத்தின் ஓரம் தூவவே வேண்டாம். எங்கள் மணலில் இல்மனைட் உண்டு, காந்தத்தோடு ஒட்டும். மோட்டாரில் இருப்பது காந்தம்தானே.

ஆகவே, கேட்டவருக்கு என் பதில். உங்கள் மனதில் இருப்பது ஒரு வண்டி வட்டமடிக்கும் காட்சி என்றால் அனலாக்கே போதும். ஆனால் டிகோடர் சாக்கெட் உள்ள எஞ்சினாகப் பார்த்து வாங்குங்கள். பின்னால் மனம் மாறினால் எஞ்சின் வீணாகாது. ஜங்ஷன், ஷண்டிங், எஞ்சின் மாற்றுதல் என்று ஆசை இருந்தால் முதல் நாளே டிஜிட்டலுக்குப் போய்விடுங்கள். எஞ்சின் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை. விலை மட்டும் பார்த்து அனலாக்கும், புதியது என்பதற்காக டிஜிட்டலும் வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவிலிருந்து யாராவது செட் கொண்டுவந்தால், பவர் சப்ளையில் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டு 230-ல் செருகினால் அன்றே போய்விடும். மஸ்கட்டிலிருந்து வந்த எங்கள் செட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

எங்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. நாகர்கோவில் டவுன் வழியாக ஜங்ஷனைத் தொடாமல் திருநெல்வேலிப் பாதைக்குப் போகும் இணைப்பையும் போட்டால் முக்கோணம் ஆகிவிடும். இரண்டு தண்டவாள மாடலில் முக்கோணம் போட்டால் இடது தண்டவாளம் எங்கோ ஓரிடத்தில் வலதோடு வந்து சேரும், ஷார்ட் ஆகும். அந்த ஒரு துண்டைப் பிரித்து, தானாகப் பிளஸ் மைனஸ் மாற்றும் சிறு பெட்டி வைக்க வேண்டும். டிஜிட்டலில் வண்டி நிற்காமலே அது மாறிக்கொள்ளும், ஏனென்றால் முன்னே போவதா பின்னே போவதா என்பது டிகோடரிடம் இருக்கிறது, தண்டவாளத்திடம் இல்லை. மகன் அடுத்த விடுமுறைக்குக் கொண்டுவருவான்.

நேற்று இரவு பேத்தி 7-ஆம் எண்ணைக் கழற்றிக் கிளைப்பாதைக்கு அனுப்பினாள். 3-ஆம் எண்ணை மறுமுனையில் கொண்டுவந்தாள், எறும்பு ஊர்கிற வேகத்தில். கப்ளிங் பொருந்தியபோது பெட்டி நூலளவும் நகரவில்லை. "மக்களே, பிரேக் சோதித்தாயா?" என்று கேட்டேன். "இன்னும் இல்லை பாட்டா, கார்டு மாமா வரட்டும்" என்றாள்.