விடுவிக்காமற்போனாலும்

கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளை என்றாலே எங்கள் பக்கத்தில் எல்லோரும் காற்றாடிமலையைத்தான் சொல்வார்கள். 1752 ஜனவரி 14 அன்று அங்கேதான் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எனக்கு அதைவிட மனதில் நிற்பது அவர் பார்த்த உத்தியோகம். நட்டாலத்துக்காரர், பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் அரசு ஊழியர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் சொன்ன, பைபிளில் வரும் யோபுவின் கதையில் மனம் திரும்பி, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். கைதானது 1749-ல். இடைப்பட்ட காலத்தில் கூட வேலை பார்த்தவர்கள் அவரிடம் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நான் களியக்காவிளைக்குப் பக்கத்தில் லாரிகளை எடை போடும் ஓர் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். கேரளாவுக்குப் போகிற எம்-சாண்ட், ஜல்லி லோடுகள்தான் அதிகம். பத்துச் சக்கர டாரஸ் லாரி சரக்கோடு சேர்த்து 28.5 டன்னைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதனால் எடையைக் குறைத்துக் காட்ட வழி தேடுவார்கள். பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்துவார்கள். இல்லையென்றால் லோடு குறைந்த வேறொரு லாரியை ஏற்றிவிட்டு, இந்த வண்டியின் நம்பரைப் போடச் சொல்வார்கள். எடை போடுகிறவன் ஒத்துக்கொண்டால்தான் இரண்டும் நடக்கும்.

“கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்பது ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம். தராசே பிழைப்பு என்றான பிறகு அதை எப்படிக் கடந்து போவது? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மிரட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது பெரும்பாலும் பாசம். “மக்கா, நீ ஒருத்தன் போடல்லன்னா லாரி நிக்கவா போவுது? அடுத்த மேடையில போட்டுட்டுப் போவான். உனக்கும் பிள்ளைங்க இருக்குல்லா” என்றார் ஓர் அண்ணன். சபையில் என் பக்கத்தில் உட்காருகிறவர். லோடு ஓடினால்தான் அவருக்கு லாரிக் கடன் அடையும். அவரிடம் மறுத்துப் பேசுவதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது.

இயேசுவின் சீடர் பேதுரு அப்போதுதான் எனக்கு நெருக்கமானார். இயேசுவைப் பிடிக்கத் தோட்டத்தில் ஆயுதத்தோடு வந்த கூட்டத்துக்கு முன்னால் வாளை உருவியவர், அதே இரவில் கரிநெருப்பைச் சுற்றிக் கூடக் குளிர்காய்ந்தவர்கள் “நீயும் அவருடைய சீடன்தானே” என்று கேட்ட கேள்விக்கு ஆடிப்போய், இல்லை என்றார். விசுவாசிக்குப் பயமே வராது என்று சிலர் பிரசங்கிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு எடைச் சீட்டையும் நான் பயந்துகொண்டேதான் கொடுத்தேன்.

ஜெபித்தேன். வேலை போகாது என்ற உறுதி ஒன்றும் மனதில் வரவில்லை. பைபிளின் தானியேல் புத்தகத்தில், சிலையைப் பணியாவிட்டால் நெருப்புச் சூளையில் போடுவேன் என்று மிரட்டும் ராஜாவிடம், மூன்று பேர் எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொல்கிறார்கள். அப்புறம், “விடுவிக்காமற்போனாலும்” சிலையைப் பணிய மாட்டோம் என்கிறார்கள். நான் பிடித்துக்கொண்டது அந்த இரண்டாவது பேச்சை. சாட்சிக் கூட்டங்களில் விடுதலை கிடைத்த கதைகளைத்தான் அதிகம் சொல்கிறோம். கிடைக்காதவர்களையும் மேடையேற்ற வேண்டும் என்பது என் ஆசை.

எனக்கு நடந்தது இதுதான். இரவு ஷிப்டிலிருந்து என்னை மாற்றினார்கள். அதோடு பேட்டாவும் போயிற்று. சில லாரிகள் எங்கள் மேடைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டன. அந்த அண்ணன் இப்போது ஆலயத்தில் வேறு வரிசையில் உட்காருகிறார். பணம் குறைந்ததைவிட அதுதான் வலிக்கிறது. அவருடைய லாரிக் கடனுக்காகவும் ஜெபிக்கிறேன்.

இரவு ஷிப்டுக்குப் புதிதாக ஒரு தம்பி வந்திருக்கிறான். “எடையைக் குறைக்கச் சொல்லி போன் வந்தா என்ன செய்யணும் அண்ணே?” என்று கேட்டான். “மெஷின் காட்டுறதைப் போடு. யாராவது சத்தம் போட்டா என் நம்பரைக் குடு” என்றேன். போன வாரம் நள்ளிரவுக்கு மேல், எடையைக் குறைக்கச் சொல்லி எனக்கு ஒரு அழைப்பு வந்தது. என் குரல் நடுங்கத்தான் செய்தது. முடியாது என்ற அதே பதிலைத்தான் சொன்னேன்.