ஆறு மாச காண்ட்ராக்ட் கூட முடியாத கப்பல்

கடற்படை சண்டையப் பத்தி யார் எழுதினாலும் கேப்டன்ல ஆரம்பிச்சு அட்மிரல்ல முடிச்சுடுவாங்க, கீழ இன்ஜின் ரூம்ல வெந்து கிடக்கறவன் பேரு வரவே வராது. நான் டேங்கர்ல இன்ஜினியர், அதனால ரெண்டாம் உலகப் போர்ல சண்டை போட்ட சாமுவேல் பி. ராபர்ட்ஸ்ங்கற கப்பலோட கதையப் படிச்சப்ப என் மனசு நேரா பாய்லர்கிட்ட போய் நின்னுடுச்சு.

தெரியாதவங்களுக்கு சொல்றேன், இது அமெரிக்க நேவியோட டெஸ்ட்ராயர் எஸ்கார்ட், டிஇ-413, ஹூஸ்டன்ல கட்டினது. கான்வாய்க்கு காவல் போறது, நீர்மூழ்கியத் தேடுறது, இதுதான் இந்த சைஸ் கப்பலுக்கு வேலை. ரெண்டு 5 இன்ச் பீரங்கி, மூணு டார்பிடோ குழாய், அவ்ளோதான் பெரிய ஆயுதம். 1944 ஏப்ரல் 28ல சர்வீஸ்க்கு வந்துச்சு, அக்டோபர் 25ல மூழ்கிடுச்சு. நாங்க ஆறு மாச காண்ட்ராக்ட்ல ஏறுவோம்ல, அது அளவுக்குக் கூட ஓடல.

அன்னிக்கு பிலிப்பைன்ஸ்ல சமர் தீவுக்குப் பக்கத்துல விமானம் தாங்கற சின்ன கேரியர் கப்பல்களுக்கு காவலா நின்னுட்டிருந்தப்ப, யமாட்டோங்கற ராட்சச போர்க்கப்பலும் சேர்ந்த ஜப்பான் படை எதுக்க வந்துடுச்சு. கேப்டன் கோப்லண்ட் ஓடல, டார்பிடோ விடறதுக்காக கிட்ட போனாரு. இந்தக் கப்பலோட டிசைன் ஸ்பீடே 24 நாட்தான் (நாட்ங்கறது கப்பல் வேகத்தோட அளவு), சீஃப் இன்ஜினியர் ட்ரோபிரிட்ஜ், 'லக்கி'ன்னு கூப்பிடுவாங்க, இருக்கற சேஃப்டி எல்லாத்தையும் பைபாஸ் பண்ணிட்டு 28.7 நாட் வரைக்கும் இழுத்திருக்காரு. எங்க கப்பல்ல ஒரு ட்ரிப்ப, அதாவது ஆபத்துன்னா மெஷின தானா நிறுத்தற சேஃப்டிய, பைபாஸ் பண்ணணும்னா ரிஸ்க் அசெஸ்மெண்ட், ஆபீஸ் பர்மிஷன், லாக் புக்ல என்ட்ரி, அதுக்கப்புறமும் ராத்திரி தூக்கம் வராது. பாய்லர் வெடிச்சா முதல்ல சாகப்போறது தன்னோட பசங்கதான்னு தெரிஞ்சே அந்த மனுஷன் பண்ணாரு.

பின்பக்க பீரங்கிக்கு பொறுப்பு பால் கார். குண்டு போன பிறகு குழாய்க்குள்ள மிச்சம் இருக்கற நெருப்ப கம்ப்ரெஸ்டு ஏர் ஊதி வெளிய தள்ளணும், இல்லன்னா அடுத்த பவுடர் உள்ள வச்ச உடனே பத்திக்கும். ஏர் லைன் போயிடுச்சு. ஏர் இல்லாமலே கையால லோட் பண்ணி சுட்டுட்டே இருந்தாங்க, கடைசில பயந்த மாதிரியே வெடிச்சுடுச்சு. உள்ள போய் பாத்தவங்க, கார் உடம்பெல்லாம் கிழிஞ்சு கிடந்தும் 54 பவுண்டு குண்டக் கையில பிடிச்சுட்டு, இத லோட் பண்ண ஹெல்ப் பண்ணுங்கன்னு கேட்டதா சொன்னாங்க. கப்பலோட போனவங்க 90 பேர். மிச்சம் இருந்தவங்க ராஃப்ட்ட, அதாவது மிதவையப் பிடிச்சுட்டு ரெண்டு நாளுக்கு மேல கடல்ல கிடந்தாங்க.

கப்பலுக்குப் பேர் குடுத்த ராபர்ட்ஸும் ஆபீசர் எல்லாம் இல்ல, காக்ஸ்வைன், அதாவது படகு ஓட்டறவர். 1942 செப்டம்பர்ல பசிபிக் கடல்ல இருக்கற குவாடல்கனால் தீவுல மாட்டிக்கிட்ட மரீன்கள ஏத்தறப்ப, ஜப்பான்காரன் சூடு எல்லாம் தன் பக்கம் திரும்பட்டும்னு படக வேணும்னே குறுக்க ஓட்டினாரு. அதுலயே போயிட்டாரு. வீரத்துக்காக நேவி கிராஸ் விருது குடுத்தாங்க.

எங்க டேங்கர் ஆளுங்களுக்கு இன்னும் நெருக்கமா இருக்கறது அதே பேர்ல வந்த மூணாவது கப்பல்தான். 1988 ஏப்ரல் 14, பெர்ஷியன் கல்ஃப், குவைத் டேங்கர்களுக்கு காவல் குடுத்துட்டிருந்த காலம், ஈரான் போட்ட மைன்ல, அதாவது கடல் கண்ணிவெடில மாட்டிச்சு. 15 அடி ஓட்டை, கப்பலோட முதுகெலும்பு மாதிரி இருக்கற கீல் உடைஞ்சுடுச்சு, இன்ஜின் ரூம் ஃபுல்லா தண்ணி, ரெண்டு கேஸ் டர்பைனும் மவுண்ட்ட விட்டு பேந்துடுச்சு. விரிசல் விட்ட சூப்பர்ஸ்ட்ரக்சர, அதாவது டெக்குக்கு மேல இருக்கற கட்டுமானத்த, கேபிள் போட்டு இறுக்கிக் கட்டினாங்க. அஞ்சு மணி நேரம் நெருப்போடயும் தண்ணியோடயும் மல்லுக்கட்டி கப்பலக் காப்பாத்திட்டாங்க, ஒருத்தர் கூட சாகல. அந்தக் கப்பல்ல டிஇ-413 ஆளுங்க பேர் பொறிச்ச ஒரு தகடு இருந்துச்சு, அந்தக் களேபரத்துலயும் அதத் தாண்டிப் போறவங்க ஒரு தடவ தொட்டுட்டுப் போனாங்களாம்.

ஞாயித்துக்கிழமை ட்ரில் வச்சா பசங்க மூஞ்சி தொங்கிடும், அப்ப இதத்தான் சொல்லுவேன். போன தடவ ஜூனியர் ஒருத்தன் முழுசா கேட்டுட்டு, "எல்லாம் சரி சார், டர்பைன எப்படி அலைன் பண்ணாங்க?"ன்னான். அலைன் எங்கடா பண்றது, ஊருக்குத் தூக்கிட்டுப் போய் இன்ஜின் ரூமையே வெட்டி எடுத்துட்டு 315 டன்ல புது மாட்யூல் வச்சு வெல்ட் பண்ணாங்க, 2015 வரைக்கும் ஓடுச்சுன்னேன். அவன் அந்த வெல்டிங் பத்தியே ஒரு வாட்ச் (எங்க ஷிஃப்ட்) முழுக்க பேசிட்டிருந்தான்.