பழைய டேபிள் சோவின் சக்கரங்கள் மறுபடி சுற்றின

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அப்பா பட்டறை நடத்திய காலத்து டேபிள் சோ, அதாவது மேசை நடுவே வட்ட பிளேட் சுழன்று மரம் அறுக்கும் இயந்திரம், இப்போது என்னிடம் இருக்கிறது. வார்ப்பிரும்பு மேசை, பின்னால் தொங்கும் மோட்டார். வெட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பிளேடை உயர்த்தும் கைச்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத்தான் சுற்ற வேண்டியிருந்தது. சாய்க்கும் சக்கரம் 30 பாகையைத் தாண்ட மறுத்தது.

சக்கரம் திருப்பும் உள்பாகத்தின் பல் தேய்ந்துவிட்டது, பழைய இரும்புக்குப் போடுங்கள் என்றார்கள் ஒரு கடையில். எனக்கு மனம் வரவில்லை. அப்பாவோடு வேலை செய்த பாஸ் (கைதேர்ந்த தொழிலாளி) ஒருவரைக் கூட்டிவந்தேன். டோர்ச் அடித்துக் குனிந்து பார்த்தவர், "பல்லு தேயல்ல தம்பி, எல்லாம் அழுக்கு. கழுவுங்க. கிறீஸ் மட்டும் பூசிடாதீங்க" என்றார்.

சக்கரத்தின் நடுவிலுள்ள பூட்டுக் குமிழ் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். அது இறுகியிருந்தாலும் இதே தொல்லைதான். பிறகு பிளக்கைப் பிடுங்கி, பிளேடைக் கழற்றி, தூளை உறிஞ்சி எடுத்தேன். உள்ளே திருகுத் தண்டும் அது கவ்வி நகரும் வளைந்த பல்வரிசையும் கண்ணுக்கே தெரியவில்லை. என்றோ பூசிய கிறீஸில் பலாவும் தேக்குமாக மரத்தூள் ஒட்டி, கொழும்பின் ஈரக்காற்றில் ஊறி, தார் போலக் கெட்டிப்பட்டிருந்தது. மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, பல்லுக்குப் பல் மூங்கில் குச்சியால் சுரண்டி, பழைய டூத்பிரஷால் தேய்த்தேன். சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போகும் அளவுக்குச் சுற்றுவது, வெளியே தள்ளிய அழுக்கைத் துடைப்பது, மறுபடி சுற்றுவது. முரட்டுப் பலம் கொடுக்கவே கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, உடைந்துவிடும்.

நன்றாகக் காய்ந்த பிறகே மோட்டாரைத் தொடலாம். மண்ணெண்ணெய் ஆவி நிற்கும் இடத்தில் ஒரு பொறி போதும். காய்ந்ததும் பற்களிலும், சாயும்போது உராயும் வளைந்த பள்ளத்திலும் சாதாரண மெழுகுதிரியைத் தேய்த்தேன். கிறஃபைட் தூளும் நல்லதுதான். ஈரப்பசை உள்ள எதுவும் தூளைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

அப்புறம் பலர் விட்டுவிடும் ஒரு இடம்: 90, 45 பாகைகளில் சாய்வை நிறுத்தும் போல்ட்டுகள். அவற்றின் தலையில் தூள் அப்பியிருந்தால் சக்கரம் எவ்வளவு இலகுவாகச் சுற்றினாலும் பிளேட் செங்குத்துக்கு வராது. சுரண்டிவிட்டு, பிளேடை மறுபடி மாட்டி, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். மேசைக்கு அடியில் இந்த அமைப்பைத் தாங்கும் பெரிய போல்ட்டுகளை நான் தளர்த்தவே இல்லை. தளர்த்தினால் பிளேட், மேசையின் மேலுள்ள நேரான பள்ளத்துக்கு இணையாக நிற்பது கெட்டுவிடும். ஆனாலும் பிளேடின் ஒரே பல்லை முன்னும் பின்னும் திருப்பி, அந்தப் பள்ளத்திலிருந்து உள்ள தூரத்தை அளந்து பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

இப்போது உயரச் சக்கரம் ஒரு கைக்கு அடங்குகிறது. சாய்வு 45 வரை தடையின்றிப் போகிறது. வேலை முடிந்த கையோடு உள்ளே தூளை உறிஞ்சிவிடுகிறேன். மழைக்காலத்தில் அதைத் தள்ளிப்போடுவதே இல்லை.