கடைசிக் குழாயில் மிஞ்சும் குளோரின்

காரைக்குடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒன்றில், ஊராட்சியின் இசைவோடு சில தெருக்களுக்கு மட்டும் குடிநீர் வழங்கி வரும் ஒரு சிறிய சங்கத்தின் கணக்கையும் சோதனைப் பதிவேட்டையும் நான் கவனித்து வருகிறேன். ஓர் ஆழ்துளைக் கிணறு, 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி, தெருக்களுக்கு அடியில் ஓடும் குழாய்கள் ஆகியவையே எங்கள் சங்கத்தின் சொத்து. நிலத்தடி நீரைப் பொறுத்தவரை நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். காரைக்குடியின் சம்பை ஊற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இப்பகுதி நீரின் சுவையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நல்ல ஊற்று வாய்த்திருப்பது வேறு, பாதுகாப்பான தண்ணீர் வீட்டுக்குள் போய்ச் சேருவது வேறு. இந்த வேறுபாட்டைத் தொட்டியடியில் நின்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் பிடித்த தண்ணீரைச் சோதித்தால்தான் அது தெரியும்.

குளோரின் தண்ணீரில் கலந்தவுடன் அங்குள்ள கிருமிகளோடும் கரிமப் பொருள்களோடும், இரும்பு இருந்தால் அதனோடும், குழாயின் உட்சுவரில் படிந்துள்ள வழுவழுப்பான படலத்தோடும் வினைபுரிந்து செலவாகிக்கொண்டே போகும். அப்படிச் செலவானது போக மிஞ்சி நிற்பதே, வழியில் ஏதேனும் அழுக்குக் கலந்தால் அதை எதிர்கொள்ளும். குளோரின் கலந்தபின் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்பதும், குடிநீருக்கான இந்தியத் தர அளவுகளின்படி குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். சோதனை எளியது. சிறு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்துத் துளிகளை விட்டு, மிஞ்சிய குளோரினைக் காட்டும் மஞ்சள் நிறத்தை அளவு அட்டையோடு ஒப்பிட வேண்டும். எங்கள் ஊரில் இதை மகளிர் குழுவைச் சேர்ந்த இருவர் செய்கிறார்கள். தொட்டியை இயக்குபவரே சோதனையையும் செய்தால் தம் வேலைக்குத் தாமே சான்று கொடுப்பதாகிவிடும் என்று கருதி, இரண்டையும் பிரித்து வைத்தோம். சங்கம் எடுத்த முடிவுகளில் மிக நல்லது இதுவே என்பது என் எண்ணம்.

குளோரினுக்காக நாங்கள் கலக்கும் பிளீச்சிங் பவுடரைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் எங்கள் தொட்டிக்கு 60 கிராம் குளோரின் தேவை. புதிய தூளில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் இருக்குமானால் ஏறத்தாழ 180 கிராம் தூள் போதும். அதே தூள் ஈரக்காற்றுப் பட்டு, சூடான அறையில் கிடந்து, 20 பங்குக்கு இறங்கிவிட்டால் 300 கிராம் வேண்டியிருக்கும். கையளவாக அள்ளிப் போடும் பழக்கம் இருக்கும் இடத்தில் இந்த வேறுபாடு எவர் கண்ணுக்கும் படாது. ஆகவே சிறு பொட்டலங்களாகவே வாங்குகிறோம், பிரித்த தேதியை எழுதி வைக்கிறோம், எடை பார்த்தே எடுக்கிறோம். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின், மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுகிறோம்.

இனி, செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். எங்கள் தெருக்களில் உள்ள பெரிய வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். திருமணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கோயில் விழாவுக்கும் வந்து திறக்கிறார்கள். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் இந்த வீடுகளில், வாசலில் நுழையும் குழாய் முற்றத்தைச் சுற்றிய வளவையும் இரண்டாம் கட்டையும் தாண்டித்தான் அடுப்படியை அடைகிறது. வீடு பூட்டியிருக்கும் மாதங்களில் அந்த நீளம் முழுவதும் தண்ணீர் அசையாமல் நிற்கும். அதிலிருந்த குளோரின் சில நாள்களில் தீர்ந்து, பின்னர் கிருமிகள் பெருக இடமாகும். வீடு திறந்த அன்று முதலில் வரும் தண்ணீரே உறவினர்களுக்குக் காப்பி போடவும் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுக்கவும் பயன்படுகிறது. தெருக்குழாயில் எங்கள் சோதனை சரியாக இருந்த அதே நாளில், பல மாதங்களுக்குப் பின் திறந்த வீடு ஒன்றின் அடுப்படியில் மஞ்சள் நிறம் சிறிதும் தோன்றாததைக் கண்டிருக்கிறோம். பூட்டிய வீடுகள் வரிசையாக உள்ள தெருவில் பிரதான குழாயிலும் ஓட்டம் குறைந்து, தெருக்கோடியில் குடியிருக்கும் ஓரிரு குடும்பங்களுக்கு நின்று தேங்கிய தண்ணீரே போய்ச் சேருகிறது. ஆளில்லாத வீட்டின் விளைவை ஆளிருக்கும் வீடு சுமப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. குழாயின் முடிவில் உள்ள வால்வைக் கிழமை தவறாமல் திறந்து தேங்கிய நீரை வெளியேற்றுவதைக் கட்டாயமாக்கினோம். வீணாகும் தண்ணீர் என்று அதைக் குறை சொல்பவர்கள் உண்டு. அது தென்னங்கன்றுகளுக்குப் பாய்கிறது, அவ்வளவே.

வாடையைப் பற்றிய முறையீடு எல்லாப் பருவத்திலும் வரும். “தம்பி, மருந்து வாடை அடிக்குதுப்பா, ஊருணித் தண்ணி இப்படியா இருந்துச்சு?” என்று கேட்கும் ஆச்சிமார்களுக்கு நான் பொறுமையாகவே பதில் சொல்கிறேன், ஏனெனில் அவர்கள் நினைவில் இருப்பது பொய்யல்ல. ஓட்டுக்கூரையில் விழுந்த மழை முற்றத்தில் அண்டாக்களை நிறைத்தது. தெருவில் ஓடிய நீர் வரத்துக்கால் வழியே ஊருணியைச் சேர்ந்தது. குளிக்கவும் துவைக்கவும் கூடாதென்ற ஊர்க் கட்டுப்பாடு அதைக் காத்தது. கலங்கலாக இருந்தால் தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் உரைத்துத் தெளிய வைத்தார்கள். ஆனால் தெளிவு மட்டுமே தூய்மை ஆகாது. மனிதர் இறங்கி நீர் மொண்ட நீர்நிலைகளின் வழியேதான் நரம்புச் சிலந்தி என்னும் புழு நோய் பரவியது. அந்த நோய் இந்தியாவிலிருந்து நீங்கிவிட்டதென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000ஆம் ஆண்டில்தான். குடத்தில் பிடித்து, துணியால் மூடிச் சில மணி நேரம் வைத்தால் வாடை பெரும்பாலும் போய்விடும் என்று சொல்கிறேன். சிலர் 20 லிட்டர் கேனுக்கு மாறிவிடுகிறார்கள். உப்பு நீக்கிய அந்தத் தண்ணீரில் மிஞ்சிய குளோரின் இருப்பதில்லை என்பதால், கழுவாத கேனிலோ அழுக்கான கையிலோ பட்டால் அதைக் காக்க ஒன்றுமில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதைச் சங்கம் அறவே தடுத்திருக்கிறது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசலுள்ள இடத்தில் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் குறைவது அதற்குப் பிறகு வரும் கேடுதான். மழைக்காலத்தில் கிருமிச் சோதனைக் குப்பிகளையும் பயன்படுத்துகிறோம். தண்ணீர் விட்ட குப்பி ஓரிரு நாளில் கறுத்தால், அந்தத் தெருவுக்குக் காய்ச்சிக் குடிக்கும்படி உடனே அறிவித்துவிட்டுக் கசிவைத் தேடுவோம். புளோரைடு, நைட்ரேட் போன்றவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பி அறிந்துகொள்கிறோம்.

இவை எல்லாவற்றுக்கும் பணம் மாதச் சந்தாவிலிருந்தே வருகிறது. “பூட்டிய வீட்டுக்கு ஏன் சந்தா?” என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் எழும். அந்த வீட்டுக்காகவும் குழாய் நிறைந்திருக்கிறது, அந்த வீட்டால் தேங்கும் நீரையும் சங்கமே வெளியேற்றுகிறது என்பதால், முழுச் சந்தாவும் வேண்டும் என்றே நான் வாதாடி வருகிறேன். அண்மைக் கூட்டத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: சந்தா குறையாது. விழாவுக்கோ திருமணத்துக்கோ வீடு திறக்கப்படுவதை இரண்டு நாள் முன்பே வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மகளிர் குழுவினர் போய் அடுப்படிக் குழாய் வரை நீரை ஓடவிட்டு, மஞ்சள் நிறம் தோன்றிய பிறகே அந்த வீட்டுக்குப் பதிவேட்டில் கையொப்பமிடுவார்கள். மாசிச் சிவராத்திரிக்கு வருகிறவர்களின் வீடுகளிலிருந்து இதைத் தொடங்குகிறோம்.