ஓக் பாசியும் ஊதியப் பேச்சும்: இங்கிலாந்து நாட்குறிப்பு

2022 அக்டோபர் 24, திங்கள்

இன்று தீபாவளி. விடுமுறை கிடையாது என்பதால் எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் பாடம் நடத்தப் போனேன். வேலைநிறுத்தம் பற்றி எங்கள் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் நடத்திய வாக்கெடுப்பின் முடிவும் இன்றே வந்துவிட்டது. ஊதியக் கோரிக்கை குறித்து உறுப்பினர்களில் 57.8 விழுக்காட்டினர் வாக்களித்து, அவர்களில் 81.1 விழுக்காட்டினர் வேலைநிறுத்தத்துக்குச் சம்மதம் தெரிவித்திருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி உறுப்பினர்களில் பாதிப் பேராவது வாக்களித்தாக வேண்டும். ஆகவே எங்கள் கிளையில் எல்லோரும் முதலில் தேடியது சம்மத விழுக்காட்டை அல்ல, 57.8 என்ற எண்ணைத்தான். பல்கலைக்கழக நிர்வாகங்களின் கூட்டமைப்பு இந்த ஆண்டுக்குத் தந்த ஊதிய உயர்வு பெரும்பாலோருக்கு 3 விழுக்காடு. செப்டம்பர் மாத விலைவாசி ஏற்றம் 10.1 விழுக்காடு.

நவம்பர் 24, வியாழன்

வேலைநிறுத்தத்தின் முதல் நாள். காலை ஏழரை மணிக்கு வாயிலில் நின்றபோது விரல்கள் மரத்துவிட்டன. பிரெஞ்சுத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர் அம்மையார் ஒருவர் குடுவையில் தேநீர் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். அவர் குனிந்தபோது கழுத்துத் துணியிலிருந்து ஒரு மணம் எழுந்தது. தோல் சுருங்கிய பழமும், மழையில் நனைந்த மரப்பட்டையும், அடியில் ஏதோ கசப்பும் கலந்த மணம். கேட்டதற்கு, பிரெஞ்சு வாசனைக் கலைஞர் ஜாக் கெர்லான் 1919-இல் உருவாக்கிய மிட்சூகோ என்னும் வாசனைத் திரவியம் என்றார். அதுவும் 1970-களில் அவர் தாயார் வாங்கிய குப்பியாம்.

அந்தப் பழ மணத்தைத் தருவது காமா அண்டெக்காலாக்டோன் என்னும் சேர்மம். வாசனைத் தொழிலில் அதற்கு ‘ஆல்டிஹைடு சி-14’ என்று பெயர். அது ஆல்டிஹைடும் அல்ல, அதில் 14 கரி அணுக்களும் இல்லை. அது 11 கரி கொண்ட லாக்டோன். அம்மையாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, அக்டோபரில் விலைவாசி ஏற்றம் 11.1 ஆன பிறகும் 3 விழுக்காட்டை ‘உயர்வு’ என்றுதானே கடிதத்தில் எழுதுகிறார்கள் என்றார்.

நவம்பர் 30, புதன்

மகளுக்குக் காய்ச்சல், லண்டன் கிங்ஸ் கிராஸ் பேரணிக்குப் போக முடியவில்லை. அம்மையார் இரண்டு காகிதப் பட்டைகளை உறையிலிட்டுக் கொடுத்திருந்தார்: ஒன்றில் பழைய மிட்சூகோ, மற்றொன்றில் இப்போது கடையில் விற்பது. அடுக்களை மேசையில் வைத்து மணிக்கொரு முறை முகர்ந்து பார்த்தேன். முதல் பத்து நிமிடம் பெரிய வேறுபாடு தெரியவில்லை. புதியதில் எலுமிச்சை இனத்துப் புத்துணர்ச்சி சற்றுத் தூக்கலாகக்கூட இருந்தது. நான்கு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. பழையது இருண்டு, கனத்து, காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. புதியது நாகரிகமாக விடைபெற்றுப் போய்விட்டது.

காரணம், பழையதில் சேர்த்திருந்த ஓக் பாசி. பாசி என்று சொன்னாலும் அது ஓக் மரத்தில் படரும் லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி. நம் அஞ்சறைப் பெட்டிக் கல்பாசிக்கு உறவு. பெட்டியைத் திறந்து கல்பாசியையும் பழைய மிட்சூகோ தடவிய காகிதத்தையும் மாறி மாறி முகர்ந்தபோது அந்த உறவு மூக்குக்கே புலப்பட்டது. பாசிச் சாற்றில் உள்ள அட்ரனால், குளோரோ அட்ரனால் ஆகிய இரண்டும் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தருபவை. முதலில் தொழில்துறையே அளவைக் குறைத்துக்கொண்டது. பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் விதி இயற்றி, 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அவை உள்ள பொருள்களை விற்கவே தடை செய்தது. தடை நியாயமானது என்றே நினைக்கிறேன். எனக்குக் குறை பெயர்ச்சீட்டைப் பற்றியதுதான். பெயரும், தலைகீழ் இதய வடிவ மூடியும் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மாறியதை வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை. 2009 முதல் எங்கள் ஊதியத்தின் வாங்கும் திறன் ஏறத்தாழ கால் பங்கு கரைந்துவிட்டதாகச் சங்கம் கணக்குச் சொல்கிறது. சம்பளச் சீட்டில் பதவிப் பெயரும் ஊதியப் படியின் எண்ணும் மாறவே இல்லை.

2023 பிப்ரவரி 17, வெள்ளி

பேச்சு நடப்பதால் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் நிறுத்திவைப்பு. 2023-24-க்கு 5 முதல் 8 விழுக்காடு தருகிறார்களாம். அதில் ஒரு பகுதி இம்மாதமே வரும். 8 என்பது கடைநிலை ஊழியருக்கு, எனக்கு 5.

ஏப்ரல் 20, வியாழன்

விடைத்தாள் திருத்தும் பணியைப் புறக்கணிக்கும் போராட்டம் இன்று தொடங்கியது. அம்மா தொலைபேசியில், “பிள்ளைகள் மார்க்குக்கு என்னப்பா செய்வார்கள்?” என்றார். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பியதை அவர் மறக்கவில்லை. மாணவர்கள் பற்றிய அவர் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இறுதியாண்டு மாணவி ஒருத்தியும் நேற்று அதையேதான் கேட்டாள்.

ஜூலை 8, சனி

திருத்தாத தாள்களுக்காகப் பாதிச் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். பாடம் நடத்தியது, ஆய்வு மாணவர்களைப் பார்த்தது எல்லாம் மீதிப் பாதியில் அடங்கிவிட்டன போலும். பழைய மிட்சூகோ ஒன்றை ஏலத்தில் எடுக்கலாம் என்றிருந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

செப்டம்பர் 6, புதன்

புறக்கணிப்பு முடிவுக்கு வந்தது. தாள் கட்டுகள் என் அறையில் இருக்கின்றன.

நவம்பர் 12, ஞாயிறு

மறுபடியும் தீபாவளி. போராட்டத்துக்கான புதிய வாக்கெடுப்பில் வாக்களித்தவர்கள் 43 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை; சட்டம் கேட்கும் பாதி இல்லாததால் வேலைநிறுத்தத்துக்கு இனி வழியில்லை. நண்பர்கள் வாக்களிக்காதவர்களைத் திட்டுகிறார்கள். பாதிச் சம்பளத்தில் ஒரு கோடைகாலத்தை ஓட்டியவர்களை என்னால் திட்ட முடியவில்லை.

இனிப்பு கொடுக்கப் போனபோது அம்மையார் பழைய குப்பியிலிருந்து இரண்டு மில்லிலிட்டரைச் சிறு கண்ணாடிக் குழலில் ஊற்றித் தந்தார். பூசிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நாளை மூன்றாம் ஆண்டுச் செய்முறை வகுப்பில் பழையதிலும் புதியதிலும் ஒவ்வொரு துளியை எடுத்து கலவையின் சேர்மங்களைப் பிரித்து வரைபடமாகக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் ஏற்றப் போகிறோம். எந்த மாதிரி எது என்று மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்வதாக இல்லை. அட்ரனால் எந்த வரைபடத்தில் தலைகாட்டுகிறது என்பதை அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.