வாடையில் வெளியாகி கச்சானில் வந்து சேர்ந்த பாட்டு

திருகோணமலையில் சவுண்ட்ஸ் வாடகைக்கு விடுவதுதான் என் தொழில். கலியாணம், கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, உப்புவெளி நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் விருந்து என்று எல்லாவற்றுக்கும் போவேன். அப்பாவும் இதே தொழில்தான் செய்தார். அவரிடம் புனல் ஸ்பீக்கரும் கசெட் பிளேயரும் இருந்தன, என்னிடம் லேப்டொப்பும் மிக்சரும்.

இந்த வேலையில் இருப்பவனுக்கு ஒரு பாட்டு எப்போது ஊருக்குள் நுழைகிறது என்பது நன்றாகவே தெரியும். பொடியன்கள் மேடைக்கு ஓடிவந்து "அண்ணா, இதப் போடுங்க" என்று போனை நீட்டுகிற நாள்தான் எங்களுக்கு அந்தப் பாட்டு வெளியான நாள். 'டெஸ்பசீட்டோ' அப்படி எங்கள் ஊரில் வெளியானது 2017 ஜூனில்.

உண்மையில் அது வெளியானது 2017 ஜனவரி 12ஆம் திகதி. பாடியவர்கள் லூயிஸ் ஃபொன்சியும் டாடி யாங்கியும், இரண்டு பேரும் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர்கள். ஜனவரி என்றால் இங்கே வாடைக்காற்று, மழை, கொந்தளிக்கிற கடல். உப்புவெளியில் பாதி ஹோட்டல் பூட்டிக் கிடக்கும், நானும் பெட்டிகளைப் பொலித்தீனால் மூடி வைத்துவிட்டு வீட்டில் இருப்பேன். கோடைக்கு என்று போடுகிற பாட்டை வழக்கமாக மே, ஜூன் மாதங்களில்தான் இறக்குவார்கள். அந்த வருடக் கோடையை முழுதாகப் பிடித்துக்கொண்ட பாட்டு நட்டநடு ஜனவரியில் வந்திருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

ஸ்பானிய மொழி பேசும் நாடுகள் உடனே அதை எடுத்துக்கொண்டன. மற்றவர்களுக்கு அது போய்ச் சேர்ந்த கதை வேறு. ஏப்ரலில் கொலம்பியாவுக்கு நிகழ்ச்சிக்குப் போன ஜஸ்டின் பீபர் அங்கே ஒரு கிளப்பில் இதைக் கேட்டு, தானும் பாட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். 17ஆம் திகதியே அந்த ரீமிக்ஸ் வந்துவிட்டது. அப்புறம் அமெரிக்காவின் பில்போர்ட் ஹொட் 100 பட்டியலில் 16 வாரம் முதலிடம். மரியா கேரியும் பாய்ஸ் டு மென் குழுவும் 1995இல் பாடிய பாட்டொன்றுக்கு இருந்த சாதனையை அது சமன் செய்தது. பெரும்பகுதி ஸ்பானிய மொழியில் உள்ள ஒரு பாட்டு அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது 1996இல் 'மக்கரேனா'வுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

மக்கரேனாவை எனக்கு அப்பாவின் கசெட் வழியாகத் தெரியும். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பதிந்து கொடுத்த கசெட், மேலே நீல மையில் பெயரைத் தப்பாக எழுதியிருந்தது. அதுவும் 1993இல் ஸ்பெயினில் வெளியாகி, ஆங்கிலம் கலந்த ரீமிக்ஸ் ஒன்று வந்த பிறகுதான் 1996 கோடையில் உலகம் முழுக்கப் போனது. அதற்கு மூன்று வருடம் எடுத்தது, இதற்கு மூன்று மாதம்.

எங்களுக்கு இதைக் கொண்டுவந்தது கச்சான். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக அடிக்கும், கிழக்குக் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் போல அசையாமல் கிடக்கும். ஐரோப்பியர்களுக்குக் கோடை விடுமுறை, எங்களுக்கு சீசன், இரண்டும் ஒரே மாதங்கள். அந்த ஜூனில் கடற்கரையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இதை முணுமுணுத்துக்கொண்டு நடந்தார்கள். பிறகு ஓட்டோக்களில் கேட்டது, பிறகு மூதூர் பஸ்ஸில்.

முதல் தடவை நான் இதைப் பெரிய பெட்டியில் போட்டது உப்புவெளியில் ஒரு பிறந்தநாள் விருந்தில். பாட்டின் தலைப்புச் சொல் முதன்முதலாக வருகிற இடத்துக்குச் சற்று முன்னால் இசை இழுபட்டது. நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜெனரேட்டரைப் பார்க்க ஓடினேன். அப்பா காலத்தில் வோல்டேஜ் விழுந்தால் கசெட் இப்படித்தான் இழுபடும், பாடுகிறவர் தூக்கத்தில் பாடுவது போல இருக்கும். லேப்டொப்பில் அப்படி நடக்காது என்று தெரிந்தும் கால் ஓடியது. ஜெனரேட்டர் சரியாகத்தான் இருந்தது. திரும்பி வருவதற்குள் தாளம் விழுந்து கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

இரவு வீட்டில் ஹெட்போன் போட்டுக் கேட்டபோதுதான் புரிந்தது. அதை வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 89 அடி என்று போகிற பாட்டை அந்த இடத்தில் பிடித்து நிறுத்தி, டெஸ், பா, சீ, ட்டோ என்று சொல்லை உடைத்துப் பாடுகிறார் ஃபொன்சி. அந்தச் சொல்லின் பொருளே 'மெதுவாக' என்பதுதான். கேட்கிற உடம்பு மெதுவாகி, மூச்சைப் பிடித்து, அப்புறம் தாளத்துக்குள் விழுகிறது. 2015இல் ஃபொன்சியும் பனாமாவைச் சேர்ந்த எரிக்கா எண்டரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய பாட்டு இது. யாங்கி பின்னால் வந்து தன் பகுதியைச் சேர்த்தார். அத்தனை பேர் கைபட்டும் அந்த ஓர் இடம் கெடாமல் வந்திருக்கிறது.

ஓகஸ்டில் பாலையூற்றில் ஒரு பறங்கியர் கலியாணம், போர்த்துக்கேயர் வழிவந்தவர்கள். அங்கே வேலை என்றால் எனக்குத் தனிச் சந்தோஷம், அவர்களுடைய ஆட்ட இசையான கஃப்ரிஞ்ஞா கேட்கலாம். வயலின் வாசித்த அங்கிளுக்கு எழுபது தாண்டியிருக்கும். அவர் முடித்து, வயலினை மடியில் வைத்து, கைக்குட்டையால் தாடைக்குக் கீழே துடைத்துக்கொண்டிருந்தார். பொடியன்கள் வந்து கேட்டார்கள், நான் டெஸ்பசீட்டோவைப் போட்டேன். அதன் தொடக்கத்தில் குரல் வருமுன் ஒரு கம்பி வாத்தியம் தனியாக வரும். அங்கிளின் கை நின்றுவிட்டது.

"மகன், இன்னொருக்கா தொடக்கத்தில இருந்து போடுங்க."

போட்டேன்.

"இது கிட்டார் இல்ல. மண்டலின் போல ஜோடி ஜோடியாக் கம்பி இருக்கு. ஆனா மண்டலினும் இல்ல."

அவர் காது சரியாகப் பிடித்திருந்தது. அது குவாத்ரோ, போர்ட்டோ ரிக்கோவின் சொந்த வாத்தியம். பெயருக்கு நான்கு என்று அர்த்தம், ஆனால் இன்றைய குவாத்ரோவுக்குப் பத்துக் கம்பி, ஐந்து ஜோடி. போனில் படத்தைத் தேடிக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு வயலினை எடுத்து அந்தத் தொடக்கத்தை மெல்லத் தேடினார். மூன்றாம் தடவை வந்துவிட்டது. தாளம்தான் ஒத்துவரவில்லை. கஃப்ரிஞ்ஞாவுக்கு ஆறு எண்ணிக்கை. இது எட்டை மூன்று, மூன்று, இரண்டு என்று பிரிக்கிற தாளம், ஜமைக்காவில் பிறந்து பனாமா வழியாக போர்ட்டோ ரிக்கோவுக்குப் போனது. அங்கிளின் கால் ஆறிலேயே தட்டிக்கொண்டிருந்தது.

இங்கே ஆட்டப் பாட்டை நாங்கள் பைலா என்கிறோமே, அதுவும் போர்த்துக்கேயச் சொல்தான், ஆடுவது என்று பொருள். ஸ்பானிய மொழியிலும் அதே சொல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோணேசர் கோயிலை இடித்து போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டிய 1624இல் போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் ஒரே அரசர். டெஸ்பசீட்டோவின் வீடியோ எடுத்த லா பெர்லா, போர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் ஹுவானில், பழைய நகரத்து மதிலுக்கு வெளியே கடலை ஒட்டி இருக்கிற ஏழைக் குடியிருப்பு. போர்ட்டோ ரிக்கோ அன்று ஸ்பெயினின் கையில் இருந்தது, அந்த நகரத்துக்கும் எங்கள் கோட்டைக்கும் ஒரே முடிதான். கோயில் போன வலி எங்கள் ஊருக்கு இன்னும் ஆறவில்லை, எனக்கும்தான். ஆனால் அந்த அங்கிள் வாசிக்கும்போது எனக்கு அவர் மேல் அன்பைத் தவிர வேறு எதுவும் வருவதில்லை.

அதே ஓகஸ்டில் யூடியூப்பில் முதன்முதலாக 300 கோடி தடவை பார்க்கப்பட்ட வீடியோவாக டெஸ்பசீட்டோ ஆனது. அடுத்த மாதம், செப்டம்பர் 20ஆம் திகதி, மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவை அடித்தது. தீவு முழுக்க மின்சாரம் போனது. டிவியில் பார்த்துவிட்டு அங்கிள்தான் எனக்குக் கோல் எடுத்தார். "அந்தப் பாட்டுக்காரர்ட ஊர் தானே?" என்று கேட்டார். 2004 சுனாமியில் எங்கள் கரை எப்படிக் கிடந்தது என்று பார்த்த மனிதர் அவர். இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

நவம்பரில் லத்தீன் கிராமி விழாவில் பாட்டுக்கு நான்கு விருது கிடைத்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரிக் கடைசியில், மறுபடி வாடை, தூறல், மார்க்கெட் வாசலில் அங்கிளைக் கண்டேன். ஒரு கையில் குடை, மறு கையில் மீன் பை. சுகம் விசாரிக்கும் முன்பே கேட்டார்.

"மகன், அங்க கரண்ட் வந்துட்டா?"

"சில இடத்துக்கு இன்னும் வரல்லயாம் அங்கிள்."

"நாலு மாசமாச்சே," என்றார். குடையை என் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மழை விடும் வரை அங்கேயே நின்றார்.