குடியுரிமைத் தேர்வில் ஒரே ஒரு கேள்வியில் கோட்டை விட்டேன்

அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வில் ஒன்பது கேள்விகள் முடிந்திருந்தன. ஐந்து சரி, நான்கு தப்பு என்று மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தில் ஆறு சரியாகச் சொன்னால் பாஸ். பத்தாவதாக அந்த அதிகாரி அம்மா கேட்டார்: சுதந்திரப் பிரகடனம் என்ன செய்தது?

தெரிந்த கேள்விதான். பழைய தேர்வுக்கான நூறு கேள்விப் பட்டியலில் எட்டாவது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது இரண்டாவது கேள்விக்கான விடை. “அரசாங்கத்தை அமைத்தது” என்றேன். அது அரசியலமைப்புச் சட்டம் செய்த வேலை. பிரகடனம் பிரிட்டனிடமிருந்து விடுதலை என்று அறிவித்தது, அவ்வளவுதான். சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முடிவுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, 60 முதல் 90 நாட்களுக்குள் இன்னொரு தடவை கூப்பிடுவோம், இந்தப் பகுதிக்கு மட்டும் வந்தால் போதும் என்றார்.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்த மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். எட்டாம் வகுப்பு. அவளுக்கு இதெல்லாம் அந்த வருஷத்துப் பாடம். “அம்மா, அது ரெண்டுக்கும் நடுவுல பதினொரு வருஷம் இருக்கும்மா” என்றாள்.

பதினொரு வருஷமா? இரண்டையும் ஒரே கூட்டத்தில், ஒரே மூச்சில் எழுதினார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கட்டடம் என்னவோ ஒன்றுதான், ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பென்சில்வேனியா அரசு மாளிகை. ஆனால் பிரகடனம் 1776, அரசியலமைப்பு 1787. இது தெரியாமலே நூறு விடைகளையும் நெட்டுரு போட்டிருந்தேன். காய் நறுக்கும்போதும் காரில் போகும்போதும் கேள்வி-பதில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பாட்டு மாதிரி மனப்பாடம். பாட்டை நடுவிலிருந்து பாடச் சொன்னால் எப்படித் தடுமாறுவோமோ, அங்கே அப்படித்தான் தடுமாறினேன்.

அதனால் இரண்டாவது தடவை பட்டியலைத் தொடவே இல்லை. ஆவணங்களையே எடுத்தேன். பயப்பட வேண்டாம், பிரகடனம் சுமார் 1,300 சொற்கள். அரசியலமைப்புச் சட்டம், திருத்தங்களைச் சேர்க்காமல், 4,500 சொல் அளவுதான். நம் இந்திய அரசியலமைப்பின் தடிமனை நினைத்துக்கொண்டு போனால் இது துண்டுப் பிரசுரம் மாதிரி இருக்கும். மகளும் நானுமாக ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிட்டோம். ஆங்கிலம் பழங்காலத்து ஆங்கிலம். எனக்கு முக்கால்வாசி புரியவில்லை, அவளுக்குக் கால்வாசி புரியவில்லை. அப்படியே சேர்ந்து ஓட்டினோம்.

பிரகடனத்தை எல்லோரும் அந்த இரண்டாவது பத்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள், உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடும் உரிமை என்று வருகிற பத்தி. தேர்வுக்கு அது வேண்டும்தான். ஆனால் ஆவணத்தின் பெரும்பகுதி புகார்ப் பட்டியல். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இதைச் செய்தார், அதைச் செய்தார் என்று இருபதுக்கும் மேல் அடுக்கிக்கொண்டே போகிறார் அதை எழுதிய ஜெஃபர்சன். மனுநீதி நாளில் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோகிற மனுவின் தொனி அப்படியே இருக்கிறது. அந்தப் பட்டியலைப் படிக்கும்போதுதான் எனக்குப் பிடி கிடைத்தது.

ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டேன். இடது பக்கம் புகார். வலது பக்கம், அதே புகாருக்கு அரசியலமைப்பில் என்ன மருந்து. எங்கள் சம்மதம் இல்லாமல் வரி போட்டார் என்பது புகார்; வரி மசோதா மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிற பிரதிநிதிகள் சபையில்தான் தொடங்க வேண்டும் என்பது மருந்து. படைவீரர்களை எங்கள் மத்தியில் கொண்டுவந்து தங்க வைத்தார். வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் சமாதான காலத்தில் வீரர்களைக் குடிவைக்கக் கூடாது என்று மூன்றாம் திருத்தம். ஜூரி விசாரணையைப் பறித்தார். ஆறாம், ஏழாம் திருத்தங்கள். ராணுவத்தை மக்கள் அதிகாரத்துக்கு மேலே வைத்தார். ராணுவத்துக்குத் தலைமைத் தளபதி, தேர்தலில் வந்த குடியரசுத் தலைவர்.

நீதிபதிகளின் பதவியையும் சம்பளத்தையும் தன் விருப்பத்துக்குக் கட்டுப்பட வைத்தார் என்று ஒரு புகார் இருக்கிறது. அதற்கு எதிரே, நன்னடத்தை உள்ளவரை பதவி, பதவியில் இருக்கும்போது சம்பளத்தைக் குறைக்க முடியாது என்று மூன்றாம் பிரிவு. இப்போதைய தேர்வில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏன் ஆயுளுக்கும் பதவி வகிக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். அரசியலுக்குக் கட்டுப்படாமல் சுதந்திரமாக இருக்க என்பது விடை. அந்தப் புகாரைப் படித்தவருக்கு இதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

பட்டியலில் ஏழாவது புகாருக்கு வந்தபோது மகள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வெளிநாட்டவர்கள் குடியுரிமை பெறும் சட்டங்களுக்கு மன்னர் முட்டுக்கட்டை போட்டார் என்று எழுதியிருந்தது. குடியுரிமைத் தேர்வில் தோற்றுப்போய் சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், நாடு பிறந்த காகிதத்திலேயே என் விஷயம் இருக்கிறது! இதற்கு மருந்து, குடியுரிமை வழங்க நாடு முழுக்க ஒரே சீரான விதி செய்யும் அதிகாரம் காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு என்று முதல் பிரிவில் வருகிறது.

மருந்து எல்லோருக்கும் கிடைத்ததா என்றால் இல்லை. 1790இல் காங்கிரஸ் போட்ட முதல் சட்டம், சுதந்திரமான வெள்ளையர்களுக்கு மட்டும்தான் என்றது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1923இல், இந்தியர்கள் அந்தச் சட்டப்படி வெள்ளையர் அல்லர் என்று தீர்ப்பு வந்தது. 1946இல் சட்டம் மாறிய பிறகுதான் இந்தியர்களுக்குப் பொதுவாகக் குடியுரிமைக்கு வழி திறந்தது. அப்படி 1949இல் குடியுரிமை வாங்கிய தலிப் சிங் சௌந்த், 1956 தேர்தலில் பிரதிநிதிகள் சபைக்கே ஜெயித்துப் போனார். இது எதுவும் தேர்வில் வராது. ஆனாலும் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

சரி, அந்தப் பதினொரு வருஷத்துக்கு வருவோம். நடுவில் இன்னொரு ஆவணம் இருந்தது, கூட்டமைப்பு விதிகள். 1781இல் நடைமுறைக்கு வந்தது. மன்னரிடம் சூடுபட்டவர்கள் இல்லையா, மத்தியில் யாருக்கும் அதிகாரம் தராமல் எழுதிவிட்டார்கள். குடியரசுத் தலைவர் கிடையாது, தேசிய நீதிமன்றம் கிடையாது. காங்கிரஸ் வரி போட முடியாது, மாநிலங்களிடம் கையேந்த வேண்டும். விதிகளைத் திருத்த 13 மாநிலங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1786இல் மாசசூசெட்ஸில் கடனிலும் வரியிலும் மூழ்கிய விவசாயிகள் டேனியல் ஷேஸ் என்ற பழைய ராணுவ வீரர் தலைமையில் கிளர்ந்து நீதிமன்றங்களை மூட வைத்தபோது, மத்திய அரசிடம் அனுப்பப் படையும் இல்லை, காசும் இல்லை. அடுத்த கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் கூடினார்கள். விதிகளைத் திருத்தத்தான் கூடினார்கள், புதிதாகவே ஒன்றை எழுதிக்கொண்டு வெளியே வந்தார்கள். 1787 செப்டம்பர் 17, கையெழுத்துப் போட்டவர்கள் 39 பேர். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை.

அந்தக் கூட்டத்தில் பெரிய மாநிலத்துக்கும் சின்ன மாநிலத்துக்கும் நடந்த சண்டையைத் தெரிந்துகொண்டால் நான்கைந்து கேள்விகள் ஒரே வீச்சில் முடிந்துவிடும். மக்கள்தொகைக்கு ஏற்ப ஒரு சபை, இன்றைக்கு 435 பேர், இரண்டு வருஷப் பதவி. மாநிலத்துக்கு இரண்டு என்று இன்னொரு சபை, 100 பேர், ஆறு வருஷம். இதே பேரத்தில்தான் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கெடுத்தார்கள். மேலே சமம் என்று எழுதியதையும் இதையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது கஷ்டமாகத்தான் இருந்தது. மகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எழுதிவிட்டால் போதுமா, ஒன்பது மாநிலங்கள் ஏற்க வேண்டும். அதற்கு ஆதரவு திரட்ட நியூயார்க் பத்திரிகைகளில் ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் ‘பப்ளியஸ்’ என்ற ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள்தான் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள். எல்லாவற்றையும் படிக்காதீர்கள், நேரம் வீண். 51ஆவதை மட்டும் பாருங்கள். மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசாங்கமே தேவைப்பட்டிருக்காது என்று அதில் ஒரு வரி வரும். நாம் தேவதைகள் இல்லை, அதனால் ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து நிறுத்தும்படி அதிகாரத்தைப் பிரித்து வைப்போம் என்பதுதான் விஷயம். அரசின் ஒரு கிளை அளவுக்கு மீறிப் போகாமல் தடுப்பது எது என்ற கேள்விக்கு ‘செக்ஸ் அண்ட் பேலன்ஸஸ்’ என்று இரண்டு மாதம் ஒப்பித்தவள் நான். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

எதிர்த்தவர்கள் கேட்டதும் நியாயம்தான். இவ்வளவு அதிகாரம் கொடுத்தீர்களே, குடிமக்களின் உரிமை எங்கே எழுதியிருக்கிறது என்றார்கள். அதற்குப் பதிலாக வந்தவைதான் 1791இல் ஏற்கப்பட்ட முதல் பத்துத் திருத்தங்கள், பில் ஆஃப் ரைட்ஸ். காங்கிரஸ் மாநிலங்களுக்கு அனுப்பியது பத்து அல்ல, பன்னிரண்டு. தேறாமல் நின்ற இரண்டில் ஒன்று, காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் அமலாக வேண்டும் என்பது. 1982இல் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், அதற்குக் காலக்கெடு இல்லை, இப்போதும் நிறைவேற்றலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். கிடைத்தது ‘சி’ கிரேடு. மனிதர் விடவில்லை. மாநில சட்டமன்றங்களுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். 1992இல் அது 27ஆம் திருத்தமாக ஏறியது. 2017இல் பல்கலைக்கழகம் அந்த கிரேடை ‘ஏ’ என்று மாற்றிக் கொடுத்தது. மொத்தத் திருத்தங்கள் எத்தனை என்று யார் கேட்டாலும் இனி எனக்கு 27 மறக்காது.

வாக்குரிமைத் திருத்தங்கள் 15, 19, 24, 26. இனத்தைக் காட்டித் தடுக்கக் கூடாது, பெண்களுக்கும் வாக்கு, வாக்களிக்க வரி கேட்கக் கூடாது, 18 வயதில் வாக்கு. இதை மட்டும் மனப்பாடமாகவே செய்தேன், வெட்கமில்லை.

இப்போது மனுப் போடுகிறவர்களுக்கு: 2025 அக்டோபர் 20 முதல் கொடுத்த மனுக்களுக்குப் புதிய தேர்வு. பட்டியலில் 128 கேள்விகள், 20 கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். ‘ஏன்’ என்று கேட்கிற கேள்விகள் இதில் கூடியிருக்கின்றன. உயிர், சுதந்திரம் என்ற அந்தச் சொற்கள் எந்த ஆவணத்தில் இருக்கின்றன என்று நேராகவே ஒரு கேள்வி. என்னைப் போல இரண்டையும் குழப்புகிறவர்களுக்கு அது பொறி. ஊரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட பெரியவர்கள், 50 வயதாகிக் கிரீன் கார்டு வாங்கி 20 வருஷம், அல்லது 55 வயதாகி 15 வருஷம் ஆகியிருந்தால், ஆங்கிலத் தேர்வு கிடையாது. மொழிபெயர்ப்பாளரோடு தமிழிலேயே பதில் சொல்லலாம். 65 வயதாகி 20 வருஷம் ஆனவர்களுக்குக் கேள்விப் பட்டியலும் சின்னது, இருபதுதான். ஆளுநர், சபாநாயகர் பெயர்களை மட்டும் கிளம்புகிற அன்று காலையில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலப் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வாக்கியங்களில் ஒன்றை ஒழுங்காக வாசிக்க வேண்டும், மூன்றில் ஒன்றை ஒழுங்காக எழுத வேண்டும். எனக்கு டேப்லெட்டில் எழுதச் சொன்னார்கள். அந்தப் பேனா கண்ணாடியில் வழுக்கி, என் ‘டபிள்யூ’ மூன்று கொம்பு வைத்த ஆடு மாதிரி வந்தது. வீட்டில் ஒரு தடவையாவது டேப்லெட்டில் எழுதிப் பாருங்கள். அப்புறம் மனுவில் இருக்கிற ஆம்-இல்லை கேள்விகளில் கடினச் சொற்கள் வரும். ‘இல்லை’ என்றதும், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பதுண்டு. புரியாவிட்டால் திருப்பிக் கேளுங்கள். குருட்டாம்போக்கில் தலையாட்டாதீர்கள்.

எழுபதாவது நாள் மறுபடி கூப்பிட்டார்கள். வேறு அதிகாரி, ஓர் ஐயா. வரிசையாக ஐந்து கேள்விகள், ஐந்தும் சரி. ஆறாவதாக, ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை எழுதியவர்களில் ஒருவர் பெயர் சொல்லுங்கள் என்றார். மேடிசன் என்று சொல்லியிருக்கலாம். “பப்ளியஸ்” என்றேன். அதுவரை கணினித் திரையைவிட்டு எழாத தலை நிமிர்ந்தது. சிரித்துக்கொண்டே, போதும்மா, முடிந்தது என்று அச்சுப்பொறிப் பக்கம் திரும்பினார்.